வள்ளியும் சர்க்கரைவள்ளியும்: ஒரு பெயர்ப் பறிப்பு

இராசபாளையம் மார்க்கெட்டில் போய் வள்ளிக்கிழங்கு கொடுங்க என்று கேட்டால் தராசில் விழுவது வள்ளிக்கிழங்கு அல்ல. சிவப்புத் தோல் போட்டு, ரெண்டு முனையும் கூம்பி, அவித்தால் இனிக்கிற கிழங்கைத்தான் அள்ளிப் போடுவார்கள். அதுக்கு முழுப்பேர் சர்க்கரைவள்ளி. எங்க பக்கத்துச் சனம் சீனிக்கிழங்கு என்றும் சொல்லும். அது அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு. கடல் தாண்டி வந்து நானூறு, நானூத்தம்பது வருசம் இருக்கலாம். நிசமான வள்ளிக்கிழங்கு அதே மார்க்கெட்டுக்கு மேற்கே சில மைல் தூரத்தில், அய்யனார் கோயில் பக்கத்து மலைச்சரிவிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்கு மேலேயும் மண்ணுக்குள்ளே கெடக்கு. அதைத் தோண்டித் தின்று உயிர் வளர்த்தவர்கள் பளியர்கள்.

ஒரு கிழங்கின் பேர் இன்னொரு கிழங்குக்குப் போனதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். பேர் போன வழியிலேயேதான் நிலமும் காடும் போயிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். சீனிக்கிழங்கு தரையில் படர்கிற கொடி. குளத்தங்கரையில் ஊதாப்பூ பூத்துக்கிட்டு நிற்குமே நெய்வேலிக் காட்டாமணக்கு, அதுக்குச் சொந்தக்காரச் செடி. வள்ளைக்கீரையும் அதே குடும்பந்தான். பூவைப் பார்த்தாலே ஒரு சாயல் தெரியும். அதன் கிழங்கு என்பது பருத்த வேர். கொடியை முழம் முழமாக அறுத்து நட்டால் போதும், நாலு மாசத்தில் தோண்டிவிடலாம். அறுத்தால் பால் வடியும். வேக வேக மாவு இனிப்பாக மாறும்.

வள்ளி வேற சாதிச் செடி. (சாதி என்ற சொல்லைச் செடிக்கு மட்டும் வைத்திருந்தால் நாடு நன்றாயிருந்திருக்கும்.) அது ஒருவித்திலைத் தாவரம், சீனிக்கிழங்கோ இருவித்திலை. தரையில் படராது, மரத்தைச் சுற்றி மேலே ஏறும். கொடி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதை வைத்தே இனம் பிரிப்பார்கள். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. சில இனத்தில் கொடியிலேயே, அந்தரத்தில் தொங்குகிற மாதிரி குட்டிக் கிழங்குகள் காய்க்கும். உள்ளே வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும், இனிப்பு இருக்காது. நாலு மாசத்தில் கையில் வராது, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் கேட்கும். சில காட்டு வள்ளிகள் கசப்பும் நஞ்சும் உள்ளவை. அதுகளைச் சீவல் சீவலாக அறுத்து, ஓடுற தண்ணியில் போட்டு வைத்து, அவித்து அவித்துத் தண்ணியை வடித்த பிறகுதான் வாயில் வைக்க முடியும். எது எத்தனை தடவை வேகணும் என்று தெரியாதவன் தின்றால் ஆள் தப்புவது கஷ்டம். பல தலைமுறை செத்தும் பிழைத்தும் சேர்த்த படிப்பு அது. எந்தப் பல்கலைக்கழகமும் அதுக்குப் பட்டம் கொடுத்ததில்லை.

செண்பகத்தோப்பில் வயசான பளியர் அம்மா ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சுக்குப் பேச்சு என்னை ‘சாமி’ என்றார்கள். எங்க ஆத்தா தோட்டத்து மொதலாளியைக் கூப்பிட்ட சொல் அது. தம்பின்னு கூப்பிடுங்கம்மா என்றேன். சிரித்துவிட்டு மறுபடியும் சாமி என்றுதான் ஆரம்பித்தார்கள். “கொடி பச்சையா இருக்கையில தோண்டப்படாது சாமி. அது காஞ்சு சருகாகணும். காஞ்ச கொடியப் புடிச்சுக்கிட்டே போனா மண்ணுக்குள்ள வழி காட்டும். ஒரு ஆள் ஆழம் கூடப் போகும். கெழங்க எடுத்துட்டு, தலைய மட்டும் கொடியோட விட்டு மண்ணத் தள்ளிரணும். மழைக்கு அதுவே எந்திரிக்கும்.” தலையை விட்டுவிட்டு வருவது பற்றி ஆராய்ச்சிக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் பீட்டர் கார்ட்னர் என்கிற அமெரிக்க மானிடவியலாளர் பளியர்களோடு இருந்து எழுதினார். அதுக்கும் முன்னாடி 1908லேயே தாமென் என்ற பாதிரியார் பழனி மலைப் பளியர்கள் பற்றி ஒரு அய்ரோப்பியப் பத்திரிகையில் கட்டுரை போட்டிருக்கிறார். பளியர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதினார்கள். பக்கத்தில் இருந்த நாம் என்ன எழுதினோம்? காட்டான் என்று சொல்லிவிட்டுப் போனோம். எங்க சேரியிலும் அப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு. சாதியில் கடைசிப் படியில் நிற்கிறவனும் தனக்குக் கீழே ஒரு படி தேடுவான் என்று அம்பேத்கர் சொன்னதை இதைவிடப் பக்கத்தில் பார்க்க முடியாது.

இப்போ பேர் விசயத்துக்கு வருகிறேன். வள்ளி என்றால் கொடி. அதோடு கொடியின் அடியில் கெடக்கிற அந்தக் கிழங்கும் வள்ளிதான். சங்க நூல்களில் வருகிற வள்ளி இதுதான். சீனிக்கிழங்கு இருக்க முடியாது, அன்றைக்கு அது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாரியின் பறம்பு மலை பற்றி புறநானூறு 109ஆம் பாட்டில் கபிலர் கணக்குச் சொல்கிறார். உழவன் உழாமலே அந்த மலை தருகிற விளைச்சல் நாலு: மூங்கில் அரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். மூவேந்தர் முற்றுகை போட்டாலும் அந்த மலைச்சனம் பட்டினி கிடக்காது என்பதற்கு அவர் காட்டுகிற சாட்சி இந்த நாலுந்தான். ஏர் இல்லாத சோறு, வரி கட்டாத சோறு. குறுந்தொகையில் கவலை என்று இன்னொரு கிழங்கு வருகிறது. அதைத் தோண்டிய குழியில் கொன்றைப்பூ உதிர்ந்து நிறைவதை ஒரு புலவர் பார்த்திருக்கிறார். குழியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். குழி தோண்டிய கையை எழுதவில்லை.

கந்தபுராணக் கதையில் வள்ளி பிறந்த இடமும் அந்தக் குழிதான். கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த பெண்பிள்ளையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்த்ததால் வள்ளி என்று பேர். சனங்கள் சொல்லி வந்த கதையில் அவள் மலைக்குறத்தி, தினைப்புனம் காத்தவள். புராணம் எழுதியவர்கள் சும்மா விடவில்லை. அவளுக்கு ஒரு முனிவரை அப்பனாக்கி, மானாக வந்த திருமகளை ஆத்தாளாக்கினார்கள். குறத்தி வயிற்றில் பிறந்தவள் சாமிக்குப் பெண்டாட்டி ஆகலாமா? நந்தனை நெருப்பில் இறக்கிச் சுத்தம் பண்ணிய கை, வள்ளியை மான் வயிற்றில் ஏற்றிச் சுத்தம் பண்ணியது. ஆனாலும் பேரை மாற்ற முடியாமப் போச்சு. பேர் கிழங்கின் பேராகவே நின்றுவிட்டது.

சீனிக்கிழங்கு போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா பக்கத்து ஆதிக்குடிகள் ஆயிரக்கணக்கான வருசமாகப் பயிர் பண்ணிய கிழங்கு. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் அதை ‘பட்டாட்டா’ என்றார்கள். கொலம்பசு போய் இறங்கிய பிறகு அந்தக் குடிகளை வேலையிலும் நோயிலும் கொன்று தீர்த்தார்கள். கிழங்கையும் சொல்லையும் மட்டும் கப்பலில் ஏற்றினார்கள். அந்தச் சொல்தான் இங்கிலீசில் பொட்டேட்டோ ஆகி, அப்புறம் உருளைக்கிழங்குக்குப் போனது. உருளைக்கிழங்கு வேற மலை, வேற சனம், வேற செடி. அது உள்ளே வந்ததும், சொல்லுக்கு உரிய கிழங்கு ‘சுவீட்’ என்று ஒரு அடைமொழியைச் சுமக்க வேண்டியதாச்சு. இலங்கைத் தமிழர்கள் சீனிக்கிழங்கை வத்தாளங்கிழங்கு என்கிறார்கள். அந்தத் தீவுக்காரர்களின் பட்டாட்டா அங்கே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

நம்ம பக்கம் நடந்ததும் அதேதான். வந்தபோது புதுக்கிழங்குக்கு அடைமொழி வைத்தார்கள்: சர்க்கரை வள்ளி. அப்போ வெறும் வள்ளி என்றால் காட்டு வள்ளி. பிறகு தோட்டத்துக்காரன் கை ஓங்க ஓங்க அடைமொழி உதிர்ந்து, வந்தது வெறும் வள்ளிக்கிழங்கு ஆச்சு. உள்ளூர்க் கிழங்குக்கு அடைமொழி வேண்டியதாச்சு: காட்டு வள்ளி, சிறுவள்ளி, பெருவள்ளி, ராசவள்ளி. மரவள்ளி வந்தபோது கேட்கவே வேண்டாம். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கேரளத்தில் 1880களில் திருவிதாங்கூர் ராசா விசாகம் திருநாள் ஊன்றி வளர்த்த பயிர். குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கிற செடிக்கு வள்ளி என்று பேர். மரத்துக்கு ஏது கொடி? ஆனாலும் வைத்தார்கள். வள்ளி என்பது மண்ணுக்கடியில் கெடக்கிற எதுக்கும் வைக்கிற பொதுப்பேராகி, உரியவனுக்கு இல்லாமப் போச்சு.

இதை நான் பெரிதாக்குகிறேன் என்று நினைத்தால் எந்தக் கிராமத்துக்கும் போய்ப் பாருங்கள். ஊர் என்றால் அது அவர்கள் தெரு. அடைமொழி கிடையாது. நமக்குத்தான் சேரி, காலனி, கிழக்குத்தெரு. பொதுக்கிணறு என்றால் அவர்கள் கிணறு. சுடுகாடு என்றால் அவர்கள் சுடுகாடு. நம்முடையது ஆதிதிராவிடர் சுடுகாடு. அடைமொழி இல்லாமல் நிற்பவன் எவனோ அவன்தான் அதிகாரத்தில் இருக்கிறான். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். ஆவணத்தில் எடுக்கலாம். பஸ்ஸில் இறங்கி வழி கேட்கிறவன் வாயிலிருந்து எப்போ எடுப்பது?

பேர்ப் பறிப்பின் இன்னொரு கதையை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அது கறுப்பின மக்களுடையது. இங்கிலீசில் வள்ளிக்கு ‘யாம்’ என்று சொல்கிறார்களே, அது மேற்கு ஆப்பிரிக்காவின் சொல். அந்தப் பக்கத்து மொழிகள் சிலவற்றில் ‘ஞாம்’ என்றால் தின்பது. தின்பது என்ற வினையே கிழங்கின் பேராகிவிட்டது என்றால் அந்தச் சனத்துக்கு அது எப்பேர்ப்பட்ட சோறு என்று யோசித்துப் பாருங்கள். அடிமைக் கப்பல்களில் மனிதரைச் சங்கிலியில் ஏற்றும்போது, வழியில் சாகாமல் இருக்க ஆயிரக்கணக்கில் யாம் கிழங்கையும் ஏற்றினார்கள். கரீபியன் தீவுகளில் அது முளைத்தது. வட அமெரிக்காவின் தென்பகுதியில் பனியும் குளிரும் இருந்ததால் முளைக்கவில்லை. அங்கே கிடைத்தது சீனிக்கிழங்கு. பறித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் கையில் கிடைத்த அந்தக் கிழங்குக்குத் தங்கள் கிழங்கின் பேரை வைத்தார்கள். ஊரை இழந்தவன் புதுத்தெருவுக்குப் பழைய ஊரின் பேரை வைப்பது மாதிரி. அதைப் பறிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு 1930களில் லூசியானா வியாபாரிகள், தங்கள் ஆரஞ்சு நிறச் சீனிக்கிழங்கு மற்ற ஊர்க் கிழங்கைவிட உசத்தி என்று காட்ட, யாம் என்று முத்திரை குத்தி விற்றார்கள். அடிமைகள் நாக்கில் காப்பாற்றி வைத்திருந்த சொல் வியாபாரச் சின்னம் ஆனது. இன்றைக்கும் அங்கே யாம் என்று எழுதி விற்றால் கூடவே சுவீட் பொட்டேட்டோ என்றும் எழுத வேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை விதி வைத்திருக்கிறது.

ரால்ஃப் எலிசன் 1952இல் எழுதிய ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ நாவலில் தெற்கிலிருந்து வந்த கறுப்பு இளைஞன் நியூயார்க் தெருவில் சுட்ட யாம் வாங்கித் தின்கிற இடம் ஒன்று உண்டு. படித்தவனாக, நாகரிகமானவனாகக் காட்டிக்கொள்ள எதையெதை ஒளித்து வைத்தானோ அதையெல்லாம் நடுத்தெருவில் தின்னும்போது அவனுக்கு விடுதலை மாதிரி இருக்கிறது. அவன் தின்றது செடிக்கணக்கில் சீனிக்கிழங்கு. 1958இல் வந்த சினுவா அச்சிபியின் ‘சிதைவுகள்’ நாவலிலும் யாம் வருகிறது. அது நிசமான யாம், இக்போ மக்களின் ராசப்பயிர், ஆம்பிளையின் கவுரவம். ரெண்டையும் தமிழில் படிக்கிறவர் ஒரே கிழங்கு என்று நினைத்துக்கொண்டால் நடுவில் இருக்கிற கடலும் கப்பலும் சங்கிலியும் காணாமல் போய்விடும்.

வெள்ளைக்காரன் அந்தச் சொல்லை நம்ம ஊருக்கும் கொண்டுவந்தான். கொடியே இல்லாத சேனைக்கிழங்குக்கு ‘யானைக்கால் யாம்’ என்று பேர் வைத்தான். அது சேம்புக்குச் சொந்தக்காரச் செடி, வள்ளிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

எங்க வீட்டில் சீனிக்கிழங்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஆத்தா மலையடிவாரத் தோட்டங்களில் கொடி திருப்பப் போவார்கள். சீனிக்கிழங்குக் கொடி போகிற இடமெல்லாம் கணுவில் வேர் விட்டுவிடும், கிழங்கு பருக்காது. அதனால் கொடியைத் தூக்கித் தூக்கித் திருப்பிப் போடணும். நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை. அறுவடை முடிந்ததும் தப்புக்கடலை பொறுக்குகிற மாதிரி, மண்ணுக்குள் தப்பிக் கெடக்கிற கிழங்கைச் சேரிப் பிள்ளைகள் கிண்டி எடுத்துக்கலாம். மம்பட்டி வெட்டுப்பட்டது, விரல் தண்டிக் கிழங்கு, பாதி அழுகினது. அதை அவித்தால் ராத்திரிச் சோறு. பள்ளிக்கூடத்துக்கும் அதைத்தான் கொண்டுபோனேன். பேர் சொல்ல விரும்பாத ஒரு வாத்தியார் எனக்கு வைத்த பட்டப்பேரே கிழங்கு. அவர் வீட்டில் விரதத்துக்கு அதே கிழங்கை அவித்துத் தின்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த விரத விசயம் தமாசானது. வடக்கே விரத நாளில் தானியம் தொடாதவர்கள் சீனிக்கிழங்கும் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் சவ்வரிசிக் கிச்சடியும் தின்பார்கள். சவ்வரிசி சேலத்து மரவள்ளியில் செய்வது. நாலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, மிலேச்சன் என்று அவர்களே சொன்ன பரங்கியின் கப்பலில் வந்தவை. அது சுத்தம். இந்த மண்ணில் முளைத்த காட்டு வள்ளியைப் பளியன் கையால் கொடுத்தால் அது தீட்டு. தீட்டு கிழங்கில் இல்லை, தோண்டின கையில் இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல தின்பண்டந்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் புவியில் பாலும் சீனியும் காய்ச்சுவதற்கு முன்னாலிருந்தே கெடக்கிற பண்டத்துக்குக் குறியீடு கேட்க யார் இருக்கிறார்கள்?

குறியீடு கிடக்கட்டும், தோண்டுவதே குற்றமாக்கப்பட்ட கதைக்கு வருவோம். 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத கூலிச் சனம், நம்ம சனம். ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி வந்து, நிவாரண வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியை வெட்டினான். பஞ்சம் முடிந்து நாலு வருசத்தில், 1882இல், சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காடு என்று அறிவித்த இடத்தில் அனுமதி இல்லாமல் விளைபொருள் எடுப்பது குற்றம். பஞ்சத்தில் ஓடிப்போய்த் தோண்டித் தின்ன இருந்த கடைசி மண்ணையும் பூட்டினார்கள். கபிலர் சொன்ன வரி கட்டாத சோற்றுக்கு முற்றுகை போட மூவேந்தரால் முடியவில்லை. ஒரு சட்டத்தால் முடிந்தது.

1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆக்கினார்கள். 2021இல் அதோடு மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அணிலுக்கும் புலிக்கும் நான் எதிரி இல்லை. அந்த அணில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் கிழங்கின் தலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தக் காட்டில் இருந்ததும் ஒரு காரணம் என்றுதான் சொல்கிறேன். சரணாலயம் ஆனபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. ஒரு கிழங்கு தோண்டுகிறவன் திருடன். தோட்டத்தில் காட்டுப்பன்றி புகுந்து சீனிக்கிழங்கைக் கிண்டினால் மட்டும் நட்டஈட்டுக்கு மனு.

அரசாங்கக் கணக்கிலும் பாருங்கள். பருவப் பயிர் அறிக்கையில் சர்க்கரைவள்ளிக்கு எக்டேர் கணக்கு உண்டு, மரவள்ளிக்கு உண்டு. திருவனந்தபுரம் சிறீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ரகம் ரகமாகக் கிழங்கு வெளியிடுகிறது. அதில் ஆப்பிரிக்க வெள்ளை யாம் ரகங்களும் உண்டு. கறுப்பு மக்களின் கிழங்கு நமக்குப் பக்கத்து மாநிலத்துக்கு விமானம் ஏறி வந்திருக்கிறது. காட்டு வள்ளிக்கு மட்டும் எந்தக் கட்டத்திலும் எண் இல்லை. எண் இல்லாத சோறு, அதைத் தின்றவர்களுக்கும் எண் இல்லை.

2006 வன உரிமைச் சட்டத்தில் இதுக்கு ஒரு வழி இருக்கிறது. சிறு வனப்பொருள் என்றால் எவையெவை என்று அந்தச் சட்டம் சொல்லுகிற வரிசையில் மூங்கில், தேன், மெழுகு, மூலிகைகளோடு வேர்கள், கிழங்குகள் என்றும் எழுதியிருக்கிறது. 1882இல் திருட்டாக ஆக்கப்பட்டது 2006இல் உரிமை என்று எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் வருசக்கணக்கில் தூங்கியது வேறு விசயம். சமூக உரிமை கேட்கிற பி படிவத்தில் சிறு வனப்பொருளுக்கு ஒரு கட்டம் உண்டு. பல இடத்தில் அதை நிரப்பிக் கொடுப்பவர்கள் தேன், நெல்லி, கடுக்காய் என்று விலை போகிற சரக்கை எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள், கிழங்கை விட்டுவிடுகிறார்கள். கிழங்கு என்று மொட்டையாக எழுதினாலும் போதாது. நாளைக்கு ஒரு அதிகாரி வள்ளி என்றால் சீனிக்கிழங்குதானே, அதைத் தோட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கொடித்துண்டு இலவசமாகத் தருகிறோம் என்று சொன்னாலும் சொல்வான். வள்ளி, நூறை என்று பேர் பேராக, எந்தச் சரிவில், எந்த மாசத்தில், கொடி எப்படிக் காய்ந்த பிறகு, தலையை எப்படி விட்டு எடுப்பது என்று அந்த அம்மா போன்றவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அய்யனார் கோயில், செண்பகத்தோப்பு, தாணிப்பாறைப் பளியர் குடியிருப்புகளுக்கு நடக்கிற தூரத்தில் நம்ம தெருக்களில் இருக்கிறார்கள். மழை கார்த்திகையோடு முடியும். தையிலிருந்து கொடி காய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கூடப் போனால் கிழங்கையும் பார்க்கலாம், பேரையும் கேட்டு எழுதலாம்.